இடது கால்

அரசாங்கம் ஒரு பொருளை மக்களுக்குக் கொடுத்தால், அது கொடுத்த நோக்கத்துக்கே பயன்பட்டது என்று யாராவது ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். கடற்படையில் எழுத்தர் பிரிவில் இருந்துவிட்டு, மற்றவர்கள் உத்தியோகத்தில் காலூன்றும் வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் என் கைவழியே எத்தனையோ போயிருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த நிவாரணக் கொசுவலைகளுக்கும் யாரோ ஒருவர் எழுதியிருப்பார். முழுமையாகப் பயன்படுத்தப்பட்டன என்று எழுதியிருந்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொசுவுக்கு என்று சேர்த்திருந்தால்தான் தப்பு.

எங்கள் ஊர், அந்தமானில் பாம்பூஃப்ளாட் படகுத்துறையிலிருந்து பஸ்ஸில் உள்ளே போனால், குன்றுகளுக்கு நடுவே கடலின் ஓடை ஒன்று நுழைந்து முடிகிற இடத்தில் இருந்தது. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த அப்பா, அரசாங்கம் குடியமர்த்திய ஒரு பெங்காலி செட்லரிடம் வாங்கிய நெல்வயல் அந்த ஓடைக்கரையில் இருந்தது. அப்பா அதில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் ஃபெரி பிடித்து, போர்ட் பிளேரில் டெலானிபூரிலிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வருவார். நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது எல்லாம் அம்மா.

அந்த டிசம்பர் காலையில் எங்கள் நிலம் ஆடியதோடு நிற்காமல் கொஞ்சம் தாழ்ந்தும் போயிற்று. வடக்கே திக்லிபூர்ப் பக்கம் நிலம் மேலே வந்து, பவளப்பாறை வெளியே தெரிந்தது என்றார்கள். எங்களுக்கு நேர்மாறு. வெள்ளம் வந்தால் வடியும் என்பது எனக்குத் தெரிந்த சட்டம். எங்கள் வயலில் வடியவில்லை. கரை உடைந்த வாய் வழியாகக் கடல் தினமும் வந்து, வந்த வழியே பாதி போய், மறுபடியும் வந்தது. வரப்போரத்துப் பாக்கு மரங்கள் முதலில் மஞ்சளாயின. பிறகு தலை உதிர்ந்து, வெறும் கம்பங்களாகத் தண்ணீரில் நின்றன. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் நான் வீட்டுக்குள் ஓடி அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம் பிடித்திருந்தது. அந்தக் காலையில் அம்மா என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குன்றேறினாள். இடுப்பில் ஏறும் வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். அவள் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபோது எங்கள் வயல் பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வாளித் தண்ணீர் தளும்பினால்கூட நான் எட்டிப் போய் நிற்பேன். ஆறாம் வகுப்பு படிக்கிற பையன் குளிப்பதற்குக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வதை அப்பா சிரித்தும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். பலனில்லை.

அடுத்த மழைக்காலத்தில் முழுகிய வயலுக்குள் மீன்குஞ்சு வந்தது. கரையில் நின்றால் தண்ணீரே அசைவது போல இருக்கும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் கண். மடவை, கொடுவா, பாரை, செம்பல்லி, இறால் எல்லாவற்றிலும் பொடிசுகள். வீட்டுக்கு இரண்டு மூன்று என்று வந்திருந்த கொசுவலைகளைப் பெண்கள் அவிழ்த்தெடுத்தார்கள். அவற்றைச் சேலை மாதிரி விரித்துப் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு முனையாக நடந்தால் போதும். கொசுவையே விடாத கண்ணி குஞ்சையா விடும்? கொஞ்சம் எண்ணெயில் பொரிந்தது, கொஞ்சம் கருவாடாயிற்று, மிச்சம் கோழிக்குப் போயிற்று. எங்கள் கோழிகள் அந்த வருஷம் பஞ்சாயத்துத் தலைவரைப் போல நடந்தன.

என் தாய்மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். சுனாமியில் படகைப் பறிகொடுத்து, நிவாரணத்தில் ஒரு சின்னப் படகு வாங்கி, வளைகுடாவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சொத்துகளில் பெரியது படகல்ல, புதிதாக வாங்கிய மொபைல். தண்ணீரில் இறங்குமுன் அதைப் பாலிதீன் பையில் சுற்றி, கரையோரத்தில் பாதியில் முறிந்து நின்ற ஒரு பாக்கு மரத்தின் உச்சிப் பொந்தில் எட்டி வைத்துவிட்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்த பிறகுதான் இறங்குவார். அவசரத்துக்குக்கூட இந்த வழக்கம் மாறாது. ஒரு முறை நான் ஓரத்தில் வழுக்கி விழுந்தபோதும், அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து "இரு மாப்ள, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மொபைலைப் பத்திரப்படுத்திய பிறகே வந்து தூக்கினார்.

வளைகுடாவில் மீன் குறைந்துகொண்டே போகிறது என்றும், குஞ்செல்லாம் வளர வருவது நம் வயலுக்குத்தான் என்றும் மாமா பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து பேசினார்.

"இது மீனோட பால்வாடிங்க. பால்வாடிப் புள்ளைகளப் புடிச்சு எண்ணெயில போட்டா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எது வரும்?"

கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டு பெங்காலிக் கிழவி, எங்களுக்கு மாசிமா, "பால்வாடி மே தோ கானா மில்தா ஹை!" என்றாள். பால்வாடியில் சாப்பாடு போடுவார்கள்தானே, நாங்களும் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்ற அர்த்தத்தில். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அதற்குப் பிறகு மாமா போர்ட் பிளேருக்குப் போய் எங்கெங்கோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் மீன்வளத் துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து கரை உடைந்த வாய்க்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை ஒன்றை நட்டுப் போனார்கள். மீன்குஞ்சு பிடிக்கலாகாது என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கான்கிரீட் போட்டு நட்ட நல்ல உறுதியான இரும்புக் கம்பம். வலையின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கிடைக்காத நாட்களில் அதில்தான் எல்லாரும் கட்டினார்கள்.

மாமா அம்மாவிடமும் சண்டை போட்டார். சாப்பாட்டுத் தட்டில் பொரித்த குஞ்சுகள் குவிந்திருந்தன.

"என் நெலத்துல நாத்து நட்டேன், கடல் தின்னுருச்சு. இப்ப மீன் வெளையுது. வெளஞ்சத அறுக்குறேன். ஒனக்கென்னடா?" என்றாள் அம்மா.

"நீ அறுக்குறது நெல்ல இல்லக்கா. நாத்த."

அம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். நான் அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் முதலை வந்தது.

மாசிமாதான் முதலில் பார்த்தாள். நீர் இறங்கியிருந்த காலையில், உடைந்த வாயின் பக்கத்துச் சேற்றில் அகலமான கால் தடங்கள். விரல்கள் விரிந்து, நகம் குத்திய குழியோடு. நடுவில் வயிற்றை இழுத்துப் போன பள்ளம். தடம் அலையாத்திக் காட்டிலிருந்து வந்து எங்கள் வயலுக்குள் இறங்கியிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. மாசிமா வலையைப் போட்டுவிட்டு, "மகர்மச்! மகர்மச்!" என்று ஓடி வந்த வேகத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குக் கால்சட்டை நனைந்தது.

சுனாமிக்குப் பிறகு ஓடைகளில் முதலை நடமாடுகிறது என்ற பேச்சு ஏற்கெனவே எங்கும் இருந்தது. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமா வேறு, படகில் வரும்போது ஓடையில் ஒரு மூக்கைப் பார்த்ததாகச் சொன்னார். எவ்வளவு பெரிது என்று கேட்டவர்களிடம் பேசாமல் தன் படகைத் திரும்பிப் பார்த்தார். வனக்காவலர் ஒருவர் வந்து, தடத்தின் பக்கத்தில் தன் பேனாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அளவு தெரிவதற்காம். அவ்வளவு பெரிய காலுக்கு முன்னால் அந்தப் பேனா பல் குத்தும் குச்சி மாதிரி கிடந்தது.

அதன் பிறகு நான் வாழ்ந்த நாட்களை இன்றும் உடம்பு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஒரே வழி அந்தக் கரை. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் முழுகிய வயல். மிதந்து வந்த தேங்காய் ஒவ்வொன்றும் தலை. மட்டை ஒவ்வொன்றும் முதுகு. அலை இல்லாத இடத்தில் தண்ணீர் வளைந்தால் அங்கே ஒன்று மூச்சுவிடுகிறது. ஓடினால் அதிர்வு கேட்டு வரும் என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். நின்றால் மோப்பம் பிடித்து வரும் என்று இன்னொருவன் சொன்னான். ஓடாமலும் நிற்காமலும் கரையைக் கடப்பது எப்படி என்று நான் தினமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய பயம் அம்மா. மற்றப் பெண்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அம்மாவும் முதலில் போகவில்லை. ஆனால் வலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அதை மடித்து உள்ளே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது, கொடியில் இப்போது வலை இருக்குமா இருக்காதா என்பதுதான் என் தலையில் ஓடும். மணி அடித்ததும் கரையைக் கடந்து ஓடிவந்து முதலில் கொடியைப் பார்ப்பேன். நீல வலை காற்றில் ஆடினால் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

ஒரு நாள் கொடியில் வலை இல்லை.

கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினேன். அடுப்படியில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சேலை முட்டிக்கு மேல் ஈரம். கூடை நிறையக் குஞ்சு. மாமா வாசற்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் என்னவோ நன்றாக எரிந்தது.

"ஒன் மாமன் வளத்த முதலையப் பாத்தியாடா?" என்று அம்மா ஊதுகுழலால் அடுப்பைக் காட்டினாள். "இம்புட்டு நாளாத் தடம் போட்டுருக்கே, ஒரு தடவையாச்சும் இடது கால் வச்சுச்சா? அத்தனையும் வலது கால். ஊர் கண்ணுக்குத்தான் தெரியல, எனக்குமா தெரியாது? சின்ன வயசுல இவன் செருப்பு மாத்திப் போட்டா நான்தானே மாட்டிவிட்டேன்."

அடுப்பில் எரிந்தது மரத்தில் செதுக்கிய ஒரு கால். விறகு தேடப் போனவள் படகுக்கடியில், நீண்ட கம்பில் ஆணியடித்து வைத்திருந்த அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். கம்பை நீட்டி எட்ட எட்ட அழுத்தினால் ஆள் கால் படாமல் தடம் விழும். வயிறு இழுத்த பள்ளம் மணல் மூட்டையால் ஆனது. எல்லாவற்றையும் யோசித்தவர், விலங்குக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிராதக்கா" என்றார் மாமா.

"நான் ஏண்டா சொல்லப்போறேன்? ஒன் முதலை ஊரையே வெரட்டிட்டு எனக்கு மட்டும் ரேஷன் கார்டு போட்டுக் குடுத்துருக்கு."

"ஒரு மழைக்காலம் விடுக்கா. ஒண்ணே ஒண்ணு. கையளவு வந்துரும், பெறகு நானே புடிச்சுத் தாரேன்."

"ஒன் கையளவு வர்ற வரைக்கும் என் புள்ள வாயப் பாத்துக்கிட்டு இருக்குமா?"

பேச்சில் என்னை இழுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுப்பில் அந்தக் காலின் நகங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது அந்த நகங்களோடு உதிர்ந்தது. மறுநாள் கரையில் விசிலடித்துக்கொண்டு போனேன். மிதந்து வந்த தேங்காயைக் கல்லால் அடித்தேன். பயந்து ஒதுங்கி நடந்த மற்றப் பிள்ளைகளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஊரே அறியாத அரசாங்க ரகசியம் ஒன்று என்னிடம் இருந்தது. பிற்காலத்தில் எத்தனையோ ரகசியக் கோப்புகளைக் கையாண்டபோதும் அந்தத் தலைக்கனம் எனக்கு வரவில்லை. சுனாமிக்குப் பிறகு முதல் முறையாகத் தண்ணீரில் காலையும் நனைத்தேன்.

அம்மா தனியாக வலை இழுக்கத் தொடங்கினாள். ஒரு முனை அறிவிப்புப் பலகையின் கம்பத்தில், மறுமுனை அவள் கையில். ஊர் பேசுமே என்று ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்குவாள். பள்ளி விடுமுறை நாட்களில் நான் கரையில் கூடைக்குக் காவல். ஆனால் வயல் பெரியது, வலையோ ஒன்றே ஒன்று. ஊர் முழுக்க அள்ளியதில் ஒரு மூலைகூட அவளால் அள்ள முடியவில்லை. குஞ்சுகள் அவளுக்கு எட்டாத ஆழத்தில் பெருகிக்கொண்டும் பெருத்துக்கொண்டும் இருந்தன. பாக்கு மரக் கம்பங்களுக்கு நடுவே முழ நீளக் கொடுவா ஒன்று குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு எழும்பி விழுவதை நானே பார்த்தேன். இன்னும் பெரியவையும் வரத்தொடங்கியிருக்க வேண்டும். அவற்றின் பின்னால் வேறு எது வரும் என்று யாரும் யோசிக்கவில்லை, முதலையைக் கண்டுபிடித்த மாமா உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பாம்பூஃப்ளாட் சந்தைக்குப் போயிருந்தார். மாமா விடியுமுன்னே படகெடுத்துப் போய்விட்டார். நீர் ஏறத் தொடங்கும் நேரம். அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். உடைந்த வாயின் ஓரத்தில் புதிதாகத் தடம் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு வலது கால். கொஞ்சம் தள்ளி, மாறிச் சாய்ந்து, ஓர் இடது கால். மறுபடியும் வலது. மறுபடியும் இடது. பின்கால்களும் தனியாக, வேறு அளவில். நடுவில் வாலின் கோடு, மணல் மூட்டையைப் போல நேராக இல்லாமல் அழகாக நெளிந்து.

"அம்மா, மாமா இடது காலும் செஞ்சுட்டாரு!"

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "திட்டுனாத்தான் ஒறைக்கிது அவனுக்கு. தச்சு வேலைக்கே போயிருக்கலாம்."

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கம்பத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு பாக்கு மரங்களை நோக்கி நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தது. நான் கரை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் முட்டிவரை தண்ணீரில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். மாசிமாவின் பழுப்பு நாய் என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரைப் பார்த்து உறுமியது. அதற்கும் ரகசியம் தெரியாது, பாவம் என்று நினைத்தேன்.

அப்போது மாமாவின் படகு உடைந்த வாய்க்கு வந்தது. படகைச் சேற்றில் ஏற்றிக் கயிற்றோடு குதித்தவர், குதித்த இடத்திலேயே நின்றார். கயிறு கையிலிருந்து நழுவியது. படகு மெதுவாகப் பின்னால் போய் ஓடையில் மிதந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். அடுத்த தடத்தின்மேல் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா." குரல் பெரிதாக வரவில்லை. "மேல வா."

"வாரேன், வாரேன். ஒன் முதலைக்கு இடது காலும் மொளச்சிருச்சாமே?"

"நான் போடல."

"பின்ன, நம்ம சித்தப்பனா வந்து போட்டான்?"

"அக்கா, சச் மே, நெசமாத்தான். இது நான் இல்ல. என் கால நீதானே அடுப்புல வச்ச?"

"புதுசு செதுக்க மரமா இல்ல அந்தமான்ல?" அம்மா வலையை இன்னொரு சுற்று இழுத்தாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் நடிப்பு அவ்வளவு பிரமாதம். உதடு வெளுத்திருந்தது. உள்ளங்கைச் சேற்றைத் துடைக்கவும் மறந்திருந்தார். இப்படி நடிக்கத் தெரிந்தவர் பஞ்சாயத்தில் ஏன் தோற்றார் என்று வியந்தேன்.

அவர் தண்ணீரில் இறங்கினார். தடதடவென்று இறங்கவில்லை, பூனை மாதிரி, ஒரு சிற்றலைகூட எழாமல் காலை ஊன்றி ஊன்றி நடந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பாக்கு மரங்களுக்கு அப்பாலிருந்த பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, அம்மாவுக்கும் அதற்கும் நடுவில் போய் நிற்பது போல வளைந்து போனார். இடுப்பு, வயிறு, நெஞ்சு. சட்டைப் பையில் சதுரமாகப் புடைத்திருந்த மொபைல் தண்ணீருக்குள் போயிற்று.

அம்மாவின் சிரிப்பு அங்கே நின்றது. அவள் பார்த்தது அந்தப் பையைத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன். நடிக்கிற மும்முரத்தில் மாமா மொபைலை மறந்துவிட்டாரே, எவ்வளவு நஷ்டம் என்று நினைத்தேன்.

"தம்பி" என்றாள் அம்மா.

"சத்தம் போடாத. மெல்ல நட. கரையப் பாத்து நட."

அம்மா நடந்தாள். வலையை விடாமல் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடந்தாள். அதிலிருந்த குஞ்செல்லாம் அவள் இரண்டு பக்கமும் வெள்ளி வெள்ளியாக வழிந்து தண்ணீருக்குள் போயின. மாமா அவளுக்குப் பின்னால் வந்தார். முதுகை எங்களுக்குக் காட்டி, முகத்தை ஆழத்துக்குக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து வந்தார். ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாக்கு மரக் கம்பங்களில் ஒன்று காற்றே இல்லாமல் ஒரு தரம் அசைந்தது. நாய் உறுமுவதை நிறுத்திவிட்டுக் குன்றுப் பக்கம் ஓடியது.

அம்மா கரையேறினாள். மாமா ஏறினார். நான் இரண்டு கைகளையும் தட்டினேன்.

"மாமா, இந்தத் தடவ சூப்பர்!"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். இரண்டு கால்களும் இன்னும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரே பாய்ச்சலில் வந்து, என் தோளைப் பிடித்து, சேற்றோடு சேறாகக் கரைமேல் இழுத்துப் போட்டு, கன்னத்தில் ஓர் அறை விட்டார். என் வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பாராட்டியதற்கு அறை வாங்கிய அநியாயத்தை நினைத்து நான் வீடு வரைக்கும் அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் மாமா முதல் வேலையாக வனத்துறைச் சாவடிக்குப் போனார். பழைய தடங்களை ஒப்புக்கொண்டு புதிய தடங்களைப் பற்றிச் சொன்னார். அவருக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை, புகார் மனுக்கள் நடத்தப்படும் விதம் அறிந்தவன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் திரும்பி வருவதற்குள் மாசிமாவின் நாயை அது கொண்டுபோயிற்று, உடைந்த வாயின் ஓரத்தில், மாசிமாவின் கண்ணெதிரே. அதன் பிறகு மனு தேவைப்படவில்லை. கூண்டு வந்தது. கோழி கட்டினார்கள், எங்கள் கோழிதான். கொஞ்ச நாளில் முதலையின் வாயைக் கயிற்றால் சுற்றி, பலகையோடு சேர்த்துக் கட்டி, நாலைந்து பேர் சுமந்து ஜீப்பில் ஏற்றினார்கள். கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கால். தொங்கிக்கொண்டிருந்த இடது முன்கால். அதை மாமா செய்யவில்லை என்று பார்த்த உடனே விளங்கிற்று.

ஒன்று போனால் இன்னொன்று வராதா என்ற பயத்தில் அதற்குப் பிறகு யாரும் வயலில் இறங்கவில்லை. அடுத்த மழைக்காலமும் அதற்கடுத்ததும் அப்படியே கழிந்தன. மடவைகள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, கூட்டம் கூட்டமாக உடைந்த வாய் வழியாக ஓடைக்கும், ஓடையிலிருந்து வளைகுடாவுக்கும் போயின. மாமாவின் தூண்டிலில் கொடுவா விழுந்தது. மற்றவர்களின் தூண்டிலிலும் விழுந்தது. பார்வையிட வந்த ஓர் அதிகாரி, இது அறிவிப்புப் பலகையின் பயன் என்று மேலே எழுதினாராம். எழுதியிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். முதலைக்கு என்று எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு எதுவும் தெரியாது. அம்மா வலையைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, எங்கள் வீட்டில் முதல் முறையாகச் சுவரில் ஆணியடித்து, என் படுக்கைக்கு மேலே கட்டினாள். நாற்றமடிக்கிறது என்று சிணுங்கினேன். அவள் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினாள். சுற்றி வந்து மறுபடியும் செருகினாள். பிறகு வெளியே உட்கார்ந்து, என் பாதங்களை வலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் விடவில்லை. வாசலில் மாமா நனைந்த மொபைலை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். அம்மா அடுப்படியைக் கண்ணால் காட்டினாள்.

எனக்குக் கன்னம் இன்னும் எரிந்தது. ஆனாலும் கோபம் போய்விட்டது. அம்மாவே ஏமாந்துவிட்டாள், நான் ஏமாறவில்லை என்ற நிறைவு இருந்தது. அந்த இடது காலை மாமா எப்போது, எந்த மரத்தில் செதுக்கினார் என்று காலையில் எழுந்ததும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.